தொடர் நூல்களையும் ஒலிநாடாக்களையும் பட்டியலில் பதிவது எப்படி? (வாசகர் கேள்வி – பதில்)

நூலகப் பட்டியல் பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வன்னியிலிருந்து வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: தொடராகவும் பல பாகங்களாகவும் வெளிவரும் நூல்களை, ஒலிப்பதிவுகளை எப்படிப் பதிவது, எங்கே வைப்பது? அங்குள்ள பிரதேச சபை நூலகங்களும் பாடசாலை நூலகங்களும் சனசமூக நிலைய வாசிகசாலைகளும் போருக்குப் பின்னர் பெருமளவுக்கு அன்பளிப்பு நூல்களைக் கொண்டே மீண்டும் கட்டப்பட்டவை. முழுத் தொகுதியாக விலைக்கு வாங்கும் நூலகத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு தலைதூக்காது. ஒருவர் வீட்டிலிருந்து முதலாம் பாகமும் இன்னொருவர் வீட்டிலிருந்து நான்காம் பாகமும் வந்து சேரும் நூலகத்தில் அன்றாடம் தலைதூக்கும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதியவர்களின் ஊரையும் பணியையும் மாத்திரம் தருகிறோம்.

பொது நூலக உதவியாளர், மல்லாவி: ஐயா, எங்களுக்கு அன்பளிப்பாக வந்த நூல்களில் சாகித்திய அகாதெமியின் ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ வரிசை நூல்கள் பல உள்ளன. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே பாங்கான அட்டை. அவற்றை ஒரே இறாக்கையில் வைத்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், எடுப்பதும் சுலபம் என்கிறார் எங்கள் நூலகர். பொருளுக்கு ஓர் எண் கொடுத்து நூல்களை வகுக்கும் டூயி தசமப் பகுப்பின்படி பிரித்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் பக்கமும் நியாயம் உண்டு, ஆனால் இந்த வரிசையைப் பொறுத்தவரை என் வாக்கு உங்களுக்கே. இவ்வரிசையில் ஒவ்வொரு நூலும் ஓர் எழுத்தாளரைப் பற்றியது, ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு, ஒன்றைப் படிக்காமல் மற்றதைப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. பாரதியாரைப் பற்றிய நூல் தமிழ்க் கவிதைக்குரிய 894.8111 என்னும் வகுப்பிலும், தாகூரைப் பற்றிய நூல் வங்காள இலக்கியத்துக்குரிய 891.44 என்னும் வகுப்பிலும் அமரும். பாரதியைப் பற்றிக் கட்டுரை எழுத வரும் உயர்தர வகுப்பு மாணவி சாகித்திய அகாதெமியின் வரிசை எங்கே என்று கேட்கப் போவதில்லை. பாரதி பற்றிய மற்ற நூல்கள் நிற்கும் தட்டுக்குத்தான் போவாள். அந்தத் தட்டில் இந்த நூல் இல்லையென்றால் அவளைப் பொறுத்தவரை உங்கள் நூலகத்திலேயே அது இல்லை.

அதற்காக, வரிசையை மொத்தமாகப் பார்க்க விரும்பும் வாசகரைக் கைவிட வேண்டும் என்பதில்லை. நூல் இறாக்கையில் ஓரிடத்தில் மட்டுமே நிற்க முடியும், பட்டியலிலோ வேண்டிய இடங்களிலெல்லாம் நிற்கலாம். நீங்கள் இன்னும் 12.5 × 7.5 செ.மீ. பட்டியல் அட்டைகளையே பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். முதன்மை அட்டையில் பக்க எண்ணிக்கையும் நூலின் உயரமும் முடிந்தவுடன் தொடரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். தொடரில் இலக்கம் இருந்தால் பெயரை அடுத்து அரைப்புள்ளி இட்டு அந்த இலக்கத்தையும் எழுத வேண்டும். ‘112 ப. ; 22 செ.மீ. — (இந்திய இலக்கியச் சிற்பிகள்)’ என்பது போல அது அமையும். பின்னர் தொடர் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒவ்வொரு நூலுக்கும் ஒரு மேலதிகப் பதிவு அட்டை எழுதி இழுப்பறையில் இகரத்தின் கீழ் வைத்துவிட்டால், இறாக்கைகளில் சிதறி நிற்கும் நூல்கள் யாவும் அங்கே அடுத்தடுத்து வந்துவிடும். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியலாக்க விதிகளிலும் தொடருக்கு இந்த இரட்டை இடம் உண்டு: முதன்மைப் பதிவில் ஒரு குறிப்பு, அதற்கு அப்பால் தனியாக ஒரு சுட்டிப் பதிவு. அட்டை எழுதுவதில் அலுப்புக் கொள்பவர்கள் முதலில் கைவிடுவதும் இந்த இரண்டாவது அட்டையைத்தான். தொடர் அடைப்புக்குறிக்குள் மட்டும் கிடந்தால் வாசகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சேர்த்து வைக்க வேண்டிய தொடர்களும் உண்டு. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைப் பொருள்வாரியாகப் பிரிக்க யாரும் நினைக்க மாட்டார்கள். அகர வரிசையில் ஓடும் ஒரே நூல் அது. சிறுவர்களுக்கெனப் படிமுறையாக எழுதப்பட்டு, முதலாவதை முடித்த பிள்ளை இரண்டாவதைக் கேட்டு வரும் வாசிப்புத் தொடர்களையும் ஒரே தட்டில் இலக்க ஒழுங்கில் வைப்பதே நல்லது. எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பதைத் தொடருக்குத் தொடர் ஒரு தடவை தீர்மானித்து எழுதி வையுங்கள். இன்று சேர்த்து, நூலகர் மாறியதும் பிரித்து, அடுத்தவர் வந்து மறுபடி சேர்த்தால், பாதி நூல்களின் முதுகில் ஓர் இலக்கமும் பட்டியலில் வேறோர் இலக்கமும் இருக்கும்.

இன்னொன்று: நூலில் தொடர் இலக்கம் அச்சிடப்படாவிட்டால் உங்கள் எண்ணத்துக்கு ஓர் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். வந்து சேர்ந்த ஒழுங்கு உங்கள் சேர்க்கைப் பதிவேட்டுக்கு உரியதே தவிர, தொடருக்கு உரியதன்று.

பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியை, ஒட்டுசுட்டான்: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் முதலாம், இரண்டாம், நான்காம் பாகங்கள் மட்டுமே எங்களிடம் இருக்கின்றன. முதல் இரண்டும் ஒரு பதிப்பகத்தாருடையவை, நான்காவது வேறொருவருடையது. இதைத் தொடர் என்று கொள்வதா? எத்தனை பதிவுகள் எழுத வேண்டும்? இல்லாத பாகங்களைப் பற்றிப் பட்டியலில் என்ன சொல்வது?

பதில்: இது முன்னர் நாம் பார்த்த வகையான தொடர் அன்று. 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தது என்றாலும், பட்டியலாக்கத்தின் கண்ணில் இது ஐந்து பாகங்களில் அமைந்த ஒரே படைப்பு. இரண்டையும் பிரித்தறிய இரண்டு விடயங்களைப் பார்த்தால் போதும். தொடக்கமும் முடிவும் முன்னரே திட்டமிடப்பட்டதா, அல்லது பதிப்பாளர் விரும்பும் வரை நீளக்கூடியதா என்பது ஒன்று. ஒரு பாகத்தை மட்டும் எடுத்துத் தனி நூலாகப் படிக்க இயலுமா என்பது மற்றது. வந்தியத்தேவனின் கதையை நான்காம் பாகத்திலிருந்து தொடங்கும் வாசகர் அரிது.

ஆகவே ஒரு பதிப்புக்கு ஒரு பதிவு போதும். தலைப்பை எழுதி, உள்ளடக்கக் குறிப்பில் பாகங்களின் பெயர்களை ஒழுங்காகத் தாருங்கள்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம். இந்தப் பெயர்களை எழுதுவது வீண் வேலையன்று. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பின்னர் பல பதிப்பகங்கள் இந்நாவலை அச்சிட்டுள்ளன. ஒன்றில் ஐந்தும் ஒரே தடித்த நூலாக இருக்கும், இன்னொன்றில் ஐந்து நூல்களாக இருக்கும், வேறொன்றில் நீண்ட இறுதிப் பாகம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். முதுகில் அச்சிட்ட இலக்கத்தை மட்டும் நம்பினால் ஒரு பதிப்பின் ‘ஆறு’ மற்றொரு பதிப்பில் எதைக் குறிக்கிறது என்று தெரியாமற் போய்விடும். பாகத்தின் பெயர் மாறுவதில்லை.

உங்களிடம் இரு பதிப்பகங்களின் பிரதிகள் இருப்பதால் முறைப்படி இரண்டு பதிவுகள் வேண்டும்: முதல் இரண்டு பாகங்களுக்கு ஒன்று, மணிமகுடத்துக்கு இன்னொன்று. இரண்டும் 894.8113 என்னும் தமிழ்ப் புனைகதை வகுப்பில், ‘கல்’ என்ற அதே எழுத்துக் குறியோடு, அடுத்தடுத்து நிற்கும். மாணவர்கள் பதிப்பகத்தைப் பார்த்து நாவலை எடுப்பதில்லை. இறாக்கையில் பாக ஒழுங்கு சரியாக இருந்தால் அவர்களுக்குப் போதும்.

இல்லாத பாகங்களைப் பற்றி நீங்கள் கேட்டதே இக்கடிதத்தின் முக்கியமான பகுதி. நூல் ஐந்து பாகங்கள் கொண்டது என்பது நூலைப் பற்றிய செய்தி. உங்களிடம் எவை உள்ளன என்பது நூலகத்தைப் பற்றிய செய்தி. இவ்விரண்டையும் ஒரே வரியில் கலந்து, ‘5 பாகங்கள்’ என்று எழுதி விட்டுவிட்டால், இல்லாத கொலை வாளைத் தேடி ஒரு பிள்ளை இறாக்கை முழுவதையும் கிளறும். அட்டையின் அடியில் ‘நூலகத்தில் உள்ளவை: பாகம் 1, 2’ என்று ஒரு தனி வரி எழுதுங்கள். அதனைப் பென்சிலால் எழுதுவது வழக்கம். நாளை மூன்றாம் பாகம் வந்தால் அழித்துச் சேர்க்கலாம். சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி இலக்கம் இட வேண்டும். பதிவு ஒன்றாக இருப்பதனால் சேர்க்கை இலக்கமும் ஒன்றாகிவிடாது. கணக்காய்வுக்கு வருபவர் எண்ணுவது நூல்களையே.

பாகங்கள் குறைந்த தொகுதிகளைக் கழித்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. வன்னியைப் பொறுத்தவரை நான் அதற்கு உடன்பட மாட்டேன். இடப்பெயர்வின்போது பிரிந்த தொகுதிகளின் மறுபாதி பக்கத்து ஊர்ப் பாடசாலையிலோ ஒருவர் வீட்டு அலுமாரியிலோ இருக்கக்கூடும். உங்கள் நூலகத்தில் குறைவான பாகங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வலயத்திலுள்ள ஏனைய பாடசாலைகளுக்கும் அனுப்புங்கள். இரு இடங்களில் அரைகுறையாகக் கிடப்பது ஓரிடத்தில் முழுமையாகலாம். இலங்கைத் தமிழ் நூலாக இருந்தால், 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்னும் இணைய எண்ணிம நூலகத்தில் காணாமற்போன பாகத்தின் தலைப்புப் பக்கம் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். மொத்தம் எத்தனை பாகங்கள், தொடரின் பெயர் என்ன என்பதை ஊகிக்காமல் எழுத அது உதவும்.

வாசகர், பரந்தன்: சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் நூல்களில் ‘கழக வெளியீடு’ என்று ஓர் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் வாசிகசாலையில் அதைத் தொடர் என்று பதிந்து வருகிறோம். அது சரியா?

பதில்: பெரும்பாலும் சரியன்று. 1920இல் தொடங்கிய கழகம் சங்க இலக்கிய உரை, இலக்கணம், சைவம், சிறுவர் நூல் என்று வேறுபாடின்றித் தன் வெளியீடுகளுக்கு இட்டு வந்த ஓடும் இலக்கம் அது. அதில் நூல்களை ஒன்றிணைக்கும் பொருளும் இல்லை, திட்டமும் இல்லை. பதிப்பகம் ஒன்றே அவற்றின் ஒற்றுமை. அந்த ஒற்றுமையைப் பட்டியலில் ஏற்கனவே பதிப்பாளர் பெயர் காட்டிவிடுகிறது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் தன் நூல்களுக்கு இடும் வெளியீட்டு எண்ணும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஆனாலும் அந்த இலக்கத்தை எறிந்துவிட வேண்டாம். ‘கழக வெளியீடு’ என்ற சொற்களோடு அதை மேற்கோட் குறிக்குள் குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள். அட்டை கிழிந்து, தலைப்புப் பக்கமும் இல்லாமல் வரும் பழம் பிரதியை இனங்காண அந்த இலக்கம் சில வேளைகளில் கைகொடுக்கும். இதுவரை எழுதிய தொடர் அட்டைகளை இழுப்பறையிலிருந்து எடுத்துவிடலாம். கழக வெளியீடு என்று தேடி வரும் வாசகரை நான் இன்னும் காணவில்லை.

இதே கடிதத்தில் வீரகேசரிப் பிரசுரம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதையும் பதிப்பாளர் பெயராகவே கொள்ளுங்கள். எனினும் இங்கே ஒரு சலுகைக்கு இடமுண்டு. எழுபதுகளில் வெளிவந்த அந்த நாவல்களை ஈழத்து இலக்கிய மாணவர்கள் ஒரு கூட்டமாகவே தேடுகிறார்கள். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் (1973) அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. பதிப்பாளர் பெயரையே மேலதிகப் பதிவுக்குத் தலைப்பாக்கி அட்டை எழுதினால் அவர்களுடைய தேவை நிறைவேறும். தொடர் என்று அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டியதில்லை.

சனசமூக நிலையச் செயலாளர், முள்ளியவளை: எங்கள் நிலையத்தில் ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்கள் இருக்கின்றன. சில கடையில் வாங்கிய பக்திப் பாடல்கள். அவற்றில் நிறுவனத்தின் பெயர், எழுத்துகள் கலந்த ஓர் இலக்கம், சிலவற்றில் ‘பாகம் 2’ என்ற குறிப்பு ஆகியவை உண்டு. மற்றவை எங்கள் ஊரில் இரவிரவாக ஆடப்பட்ட கோவலன் கூத்தையும் வட்டாப்பளைப் பொங்கலையும் எங்கள் ஆட்களே பதிவு செய்தவை. இவற்றுள் எவற்றைத் தொடர் எனப் பதிவது?

பதில்: முதலில் ஒரு வேலை. ஒவ்வொரு நாடாவையும் பேழைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, நாடாவின் மேல் ஒட்டிய ஒற்றையிலுள்ள பெயரையும் பேழையின் தாளிலுள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல கைகள் மாறிய பெட்டியில் இரண்டும் பொருந்தாத நாடாக்கள் சில கட்டாயம் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் நாடாவின் மேலுள்ள ஒற்றைக்கே முதலிடம். நாடா முழுவதற்கும் உரிய பொதுத் தலைப்பு பேழையின் தாளில் மட்டுமே இருந்தால் அங்கிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றையும் விழுந்திருந்தால் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கடையில் வாங்கியவற்றில் உள்ள நிறுவனப் பெயரும் இலக்கமும் தொடர் அல்ல. எச்.எம்.வி., இன்ரெக்கோ போன்ற பெயர்கள் ஒலிப்பதிவை வெளியிட்டவரைக் குறிப்பவை. அவற்றோடு வரும் இலக்கம் அந்த வெளியீட்டை இனங்காட்டுவது. அதைத் தவறாமற் பதிய வேண்டும், ஆனால் வெளியீட்டு இலக்கம் என்னும் குறிப்பாக. கணினிப் பட்டியலில் அதற்கென்றே 028 என்ற புலம், அதாவது ஒரு விவரத்துக்கென ஒதுக்கி எண் இட்ட இடம், இருக்கிறது. ஒரே பாடகரின் ஒரே பெயருள்ள நாடா வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பாடல்களோடு வெளிவந்திருக்கலாம் என்பதால், ஒலிப்பதிவில் இந்த இலக்கம் நூலின் பதிப்புக் குறிப்புக்கு நிகரான பெறுமதி உடையது. நிறுவனம் தன் வெளியீடுகளில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து அதற்கு ஒரு பொதுப் பெயர் சூட்டியிருந்தால், அந்தப் பொதுப் பெயர் தொடராகும். நிறுவனத்தின் எல்லா நாடாவிலும் வருகிறதா, குறித்த சிலவற்றில் மட்டும் வருகிறதா என்று பார்த்தால் விளங்கிவிடும்.

‘பாகம் 2’ என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே தலைப்பின் கீழ் பாகம் ஒன்றும் பாகம் இரண்டும் வெளிவந்திருந்தால் அந்த இலக்கம் தலைப்போடு சேர்ந்தது. தலைப்பை எழுதியவுடன் அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு நாடாவுக்கும் வெவ்வேறு பாடகரும் சொந்தத் தலைப்பும் இருந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொதுப் பெயரும் இலக்கமும் இருந்தால்தான் அது தொடரின் இலக்கம்.

உங்கள் ஊர்ப் பதிவுகளை நான் இவற்றிலும் மேலாக மதிக்கிறேன், ஏனெனில் கடை நாடாவுக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருக்கும், இவற்றுக்கு இராது. தொண்ணூறு நிமிட நாடா பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும். ஏழு மணி நேரம் ஆடும் கூத்துக்கு ஐந்து நாடாக்கள் வேண்டும். அந்த ஐந்தும் ஒரே நிகழ்வு, ஆகவே ஒரே பதிவு: தலைப்பு கோவலன் கூத்து, அளவு 5 ஒலிநாடாக்கள், ஆடிய இடம், நாள், அண்ணாவியார், பக்கப்பாட்டுக்காரர், மத்தளம் வாசித்தவர், பதிவு செய்தவர். நாடாக்களின் ஒழுங்கை ‘நாடா 3, பக்கம் 2’ என்ற முறையில் ஒவ்வொன்றின் மீதும் எழுதிவிடுங்கள். ஒழுங்கு குலைந்தால், கூத்தை முழுவதும் அறிந்த ஒருவரை இருத்திக் கேட்டுத்தான் திருத்த முடியும். மறுவருடம் ஆடிய அதே கூத்து இரண்டாம் பாகம் அன்று. அது வேறு நிகழ்வு, வேறு பதிவு. இரண்டுக்கும் ‘கோவலன் கூத்து’ என்ற ஒரே சீரான தலைப்பைக் கொடுத்தால் பட்டியலில் அவை ஒன்றாக நிற்கும், இடமும் நாளும் அவற்றைப் பிரித்துக் காட்டும். மன்னாரிலுள்ளவர்கள் தங்கள் கூத்துப் பதிவுகளுக்கும் இவ்வாறே செய்யலாம். அவர்கள் அங்குள்ள இரு கூத்து மரபுகளில் வடபாங்கா தென்பாங்கா என்பதையும் குறிப்பிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, பெட்டி முழுவதையும் ஒரு தொடராக்கலாமா என்றால், ஆகாது. பலரும் பல காலத்தில் பதிந்து ஓரிடத்தில் வந்து சேர்ந்தவை ஒரு சேகரம் மட்டுமே. கொடுத்தவர் யார் என்பதை ஒரு குறிப்பாக எழுதினாற் போதும். ஆனால், இன்றிலிருந்து மூத்தவர்களின் அரிவிவெட்டுப் பாடல்களையும் கூத்துகளையும் உங்கள் நிலையமே திட்டமிட்டுப் பதிந்து இறுவட்டாக வெளியிடுமானால், அதற்கு ஒரு பெயரும் ஒன்றிலிருந்து தொடங்கும் இலக்கமும் கொடுங்கள். அப்போது தொடரைத் தொடங்குபவர் வெளியீட்டாளராகிய நீங்களே. அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. பெயரை முதல் வெளியீட்டில் அச்சிட்டபடியே கடைசி வரை அச்சிடுங்கள்.

நூலக உதவியாளர், கிளிநொச்சி: எங்கள் நூலகம் கோஹா என்னும் நூலக மென்பொருளுக்கு மாறி வருகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து இறக்கிய பதிவுகளில் தொடரின் பெயர் சிலவற்றில் 440 என்ற புலத்திலும் சிலவற்றில் 490 என்ற புலத்திலும் இருக்கிறது. தொடர் பெயரைத் தெரிவு செய்து தேடினால் எங்களிடமுள்ள நூல்களிற் பாதிதான் திரையில் வருகிறது. பிழை மென்பொருளிலா?

பதில்: மென்பொருளில் இல்லை, பதிவுகளின் வயதில் இருக்கிறது. கணினிப் பட்டியற் பதிவுகளுக்கான மார்க் 21 முறையில் நூலில் அச்சிட்டபடி தொடரின் பெயரை எழுதும் இடம் 490. தேடுவதற்கெனத் திருத்தமாக நிலைப்படுத்திய பெயரை எழுதும் இடம் 830. தொடர் முழுவதும் ஒரே ஆசிரியருடையது என்றால் அவர் பெயரோடு 800இலும், ஒரு நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்தால் 810இலும் எழுதுவார்கள். அச்சிட்ட பெயரும் நிலைப்படுத்திய பெயரும் ஒன்றாகவே இருந்தபோது இரு வேலைகளையும் 440 என்ற ஒரே புலம் பார்த்துக்கொண்டது; 2008இல் அது கைவிடப்பட்டது. இதற்கிடையில், 2006 ஜூன் 1 முதல் காங்கிரஸ் நூலகம் தொடர்ப் பெயர்களை நிலைப்படுத்தும் பதிவுகளை ஆக்குவதையே நிறுத்திக்கொண்டது. செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்த எடுத்த முடிவு அது. பட்டியலாக்குநர்களிடையே கடும் எதிர்ப்பும் எழுந்தது, எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. அதன் விளைவாக, அங்கு பின்னர் ஆக்கப்பட்ட பல பதிவுகளில் 490 மட்டுமே இருக்கும், புல எண்ணை அடுத்து வரும் முதற் குறிகாட்டி இலக்கம் 0 ஆக இருக்கும். 0 என்றால் இந்தத் தொடருக்கு மேலதிகப் பதிவு இல்லை என்று பொருள். அட்டைக் காலத்தின் இரண்டாவது அட்டையை எழுதாமல் விட்டதற்குச் சமம் அது.

திருத்தும் வழி எளிது. 440 உள்ள பதிவுகளில் அதை 490 ஆக்கி, அதே பெயரை 830இலும் எழுதுங்கள். 490 மட்டும் உள்ளவற்றில் முதற் குறிகாட்டியை 1 ஆக மாற்றி 830ஐச் சேருங்கள். இதைப் பல பதிவுகளுக்கு ஒரே தடவையில் செய்யும் வசதி கோஹாவில் உண்டு, என்றாலும் முதலிற் சில பதிவுகளில் மட்டும் பரீட்சித்துப் பாருங்கள். நூலில் தொகுதி இலக்கம் உரோம எண்ணிலோ ‘பன்னிரண்டு’ என்று எழுத்திலோ இருந்தாலும் 830இல் 12 என்றே இட்டால், ஒரு தொடரின் இலக்கங்கள் யாவும் ஒரே வடிவில் இருக்கும்.

தமிழ்த் தொடர்களுக்கு வெளியிலிருந்து உதவி கிடைப்பது அரிது. சாகித்திய அகாதெமியின் பெயரையே நான்கு விதமாக எழுதும் பதிவுகள் உண்டு. கணினிக்கு அவை நான்கு நிறுவனங்கள். ஆகவே ஒரு தடித்த கொப்பியை எடுத்து, ஒரு தொடருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே நீங்கள் தெரிந்துகொண்ட பெயர், அதன் கீழ் வேறு எழுத்து வடிவங்கள், இலக்கம் உண்டா இல்லையா, தொகுதிகளுக்குத் தனித்தனிப் பதிவா ஒரே பதிவா, மேலதிகப் பதிவு உண்டா, இறாக்கையில் சேர்ப்பதா பிரிப்பதா, தீர்மானித்த திகதி. மார்க் முறையில் தொடர்ப் பெயரை நிலைப்படுத்தும் நிர்ணயப் பதிவிலும் இந்தக் கடைசி மூன்று தீர்மானங்களுக்கு முறையே 644, 645, 646 என்ற புலங்கள் இருக்கின்றன. பின்னர் ஒரு நாள் கொப்பியிலுள்ளதை அப்படியே கணினிக்கு மாற்றலாம்.

வாசகி, செட்டிகுளம்: மாதச் சஞ்சிகையும் தொடர்தானே? அதையும் இப்படியே பதியலாமா?

பதில்: இல்லை. சஞ்சிகையின் இதழ்களுக்குத் தனித்தலைப்பு இராது. எல்லா இதழ்களுக்கும் ஒரே பதிவு எழுதி, வந்த இதழ்களை வரவுப் பதிவேட்டில் குறித்து வருவதே முறை. நூல் தொடரில் ஒவ்வொரு நூலும் தனித்தலைப்போடு நிற்கும். அதனால் ஒரே நூலில் நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என்., தொடருக்குரிய ஐ.எஸ்.எஸ்.என். என்னும் இரண்டு இலக்கங்களும் இருக்கக்கூடும். பின்னது இருந்தால் அதைத் தொடர் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். சஞ்சிகை வெளியிட்ட ஆண்டு மலர் தனித்தலைப்போடு வந்திருந்தால் அதற்கு மட்டும் தனிப் பதிவு எழுதலாம்.

நூலகர், நெடுங்கேணி: ஒரு நூலின் முதற்பதிப்பு ஒரு தொடரில் வெளிவந்தது எனக்குத் தெரியும். எங்களிடமுள்ளது வேறு பதிப்பகத்தின் மறுபதிப்பு; அதில் தொடரின் பெயர் இல்லை. தொடரைப் பதியலாமா?

பதில்: தொடர் இடத்திற் பதியக் கூடாது. அந்த அடைப்புக்குறி கையிலுள்ள பிரதி சொல்வதற்கு மட்டுமே உரியது. முதற்பதிப்பு எந்த ஆண்டில் எந்தத் தொடரில் வந்தது என்பதை உறுதியாக அறிந்திருந்தால், மூலப் பதிப்புப் பற்றிய குறிப்பாக எழுதலாம். கணினிப் பட்டியலில் அதற்கு 534 என்ற புலம் உண்டு. இதற்கு எதிர்மாறாக ஒரே நூலில் இரண்டு தொடர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தால், இரண்டையும் தனித்தனி அடைப்புக்குறிகளில் எழுதி, இரண்டுக்கும் மேலதிகப் பதிவு கொடுங்கள். முதற்பதிப்பின் பிரதி என்றாவது அன்பளிப்பாக வந்தால் அதை மறுபதிப்பின் அட்டையிற் சேர்க்காமல், தொடரின் பெயரோடு தனிப் பதிவாக எழுதுங்கள்.